மேகத்தில் ஒரு பேரேடு

நுழையும்முன்

தொலைவில் வாழும் ஒருவர் அளிக்கும் உதவி, அல்லலுறும் ஒருவரின் கையைச் சென்றடையும் வழி காலந்தோறும் மாறிவந்துள்ளது. கஞ்சித் தொட்டி, தந்தி, விரிதாள், மேகக் கணிமை என நீளும் அவ்வழியை வடசென்னையின் கரையிலிருந்து காண்கிறது இக்கட்டுரை. உதவி விரைந்து வருவது மட்டும் போதுமா, அது யாருக்குச் சென்றது என்னும் கணக்கு யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் ஆகிய வினாக்களையும் எழுப்புகிறது.

வடசென்னையின் முதியோர் பலர், ஸ்டான்லி அரசு மருத்துவமனையை இன்றும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே குறிப்பிடுகின்றனர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பஞ்சத்தின் வரலாறு இருக்கிறது. 1782ஆம் ஆண்டில், ஐதர் அலியுடன் நடந்த போரால் நாட்டுப்புறம் பாழ்பட்டது. உணவுக்கு வழியற்றோர் சென்னையை நோக்கித் திரண்டனர். அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ராயபுரத்தை ஒட்டி ஒரு சத்திரம் அமைந்தது. மணியக்காரர் என்னும் ஊர் நிருவாகியின் பதவிப் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. ஆங்கிலேயர் நாவில் ‘மானிகர் சோல்ட்ரி’ என மருவியது. பசியோடு வந்தோர் நோயோடும் வந்தனர். ஆகவே சத்திரத்தை ஒட்டி மருத்துவப் பணியும் வளர்ந்தது. இன்றைய மருத்துவமனை அதன் வழிவந்ததாகும்.

அச்சத்திரத்தின் கணக்கு எளிமையானது. கஞ்சித் தொட்டி எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. வரிசையும் கண்ணெதிரிலேயே நின்றது. எவ்வளவு காய்ச்சினார்கள், யாருக்கு வார்த்தார்கள், யார் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பனவற்றை அறிய எவரும் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தெருவில் நின்ற காலம் அது. அவ்விருவருக்கும் இடையே கடல் வந்து சேர்ந்தபோதுதான் கணக்கேடு தேவைப்பட்டது.

தந்தி சென்ற வழி

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, மணியக்காரர் சத்திரம் மீண்டும் நிரம்பி வழிந்தது. 1877 ஆகஸ்டு 4ஆம் நாள் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் நடைபெற்றது. மாநில ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் அதற்குத் தலைமை வகித்தார். கூட்டத்தின் முடிவாக, உதவி கோரும் தந்தி இலண்டன் மாநகரத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. கப்பலில் சென்றிருந்தால் வாரக்கணக்கில் பயணம் செய்திருக்கும் வேண்டுகோள், கம்பி வழியே கடல் கடந்தது. இலண்டனில் தொடங்கப்பெற்ற நிதிக்கு ஆறு இலட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. நிவாரணக் குழுவின் மதிப்புறு செயலாளராகப் பணியாற்றிய வில்லியம் டிக்பி என்னும் இதழாசிரியர், அப்பணி முழுவதையும் இரண்டு தொகுதிகள் கொண்ட நூலாக 1878இல் பதிவுசெய்தார்.

பன்னாட்டு அளவில் நிதி திரட்டி, பல ஊர்க் குழுக்களை ஒன்றிணைத்துத் தொண்டாற்றும் முறைக்குச் சென்னை அன்றே களமாயிற்று எனலாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடையாளர்களின் பட்டியல் செய்தித்தாள்களில் அச்சேறியது. பெற்றவர்களின் பட்டியலோ குழுக்களின் கையெழுத்து ஏடுகளில் அடங்கியது. அதில் தம் பெயர் இருக்கிறதா என்பதைப் பசித்தவர் எவரும் படித்துப் பார்க்க இயலவில்லை. ஹூப்பர் என்னும் படை அதிகாரி எடுத்த பஞ்சக் காலப் புகைப்படங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் அம்மனிதர்களின் முகங்களை உலகம் அறியும்; அவர்களின் பெயர்களை அறியாது.

அப்பஞ்ச காலத்தில் கூலிக்கு மண் சுமந்தோர் வெட்டியதே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806ஆம் ஆண்டிலேயே வெட்டப்பட்டிருந்த பழைய கால்வாயும் அதனோடு சேர்ந்த நீண்ட நீர்வழிக்கு ஆளுநரின் பெயரே பக்கிங்காம் கால்வாய் என இடப்பட்டது. திருவொற்றியூரையும் எண்ணூரையும் தொட்டுச் செல்லும் அக்கால்வாய், இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

துணி மூட்டைகளும் ஒரு மென்பொருளும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, உதவிக்குப் பஞ்சமில்லை. ஒருங்கிணைப்புக்கே பஞ்சம் நிலவியது. காசிமேடு முதல் குமரி வரை தமிழகக் கரையெங்கும் உள்நாட்டு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் விரைந்தன. மிகுந்த இழப்பைச் சந்தித்த நாகப்பட்டினத்தில், யாரும் கேட்காத பழைய துணிகள் சரக்குந்துகளில் வந்திறங்கிச் சாலையோரங்களில் குன்றுகளாகக் குவிந்தன. உடுக்கத் தகாத அத்துணிகளை அள்ளி அகற்றுவதே தனியொரு வேலையாயிற்று. சாலையை ஒட்டிய ஊருக்கு மூன்று நிறுவனங்கள் அரிசி கொண்டுவர, உள்ளடங்கிய ஊர் காத்துக் கிடக்கும் நிலை உண்டாவது இத்தகைய பேரிடர்களின் இயல்பு. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கை நேர்மையாகவே எழுதுகிறது. ஆனால் ஒருவர் கணக்கை மற்றவர் அறிவதில்லை.

இக்குறையை உணர்ந்து, மாவட்ட நிருவாகத்தோடு இணைந்து செயல்படும் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொண்டு நிறுவனங்கள் நாகப்பட்டினத்தில் நிறுவின. எந்த ஊரில் எந்த நிறுவனம் என்ன செய்கிறது, எங்கு என்ன தேவை என்பன அங்கே தொகுக்கப்பட்டன. அதே நாள்களில், பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பு நகரில், கணினி வல்லுநர்கள் சிலர் தன்னார்வலர்களாகக் கூடினர். காணாமற்போனோர், முகாம்களில் தங்கியோர், உதவி வழங்கும் நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்து பலரும் பகிர்ந்து காண ஒரு மென்பொருளை எழுதினர். அதற்குச் ‘சகனா’ எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல்லுக்குத் துயர்தணிப்பு என்பது பொருள். கட்டற்ற மென்பொருளாக அதை வெளியிட்டமையால் எவரும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவு, 2010இல் எய்ட்டி நிலநடுக்கம் என அது உலகைச் சுற்றி வந்தது. செல்வ நாடுகளின் பெருநிறுவனங்களிடமிருந்து அன்றி, அலையடித்த கரையிலிருந்தே அக்கருவி பிறந்தது என்பது நினைக்கத்தக்கது.

மேகம் என்பது யாது?

‘மேகக் கணிமை’ என்னும் பெயர் சற்றே மயக்கம் தருவது. உண்மையில் வானத்தில் எதுவும் மிதக்கவில்லை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருப்பன போன்ற தரவு மையங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களுக்குள் அடுக்கிவைக்கப்பட்ட வழங்கிகளே அந்த மேகம். சென்னைக் கரையில் வந்தேறும் கடலடி வடங்கள் அவற்றைப் பிற நாடுகளோடு இணைக்கின்றன. அவை மின்சாரத்தால் இயங்குகின்றன; தமிழகத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியால் ஆவது; அந்நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களுள் சில எண்ணூர்ப் பகுதியில் உள்ளன. அவற்றின் சாம்பல் தங்கள் கழிமுகத்தில் படிவதைக் குறித்து அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். மேகம் எடையற்றது என்று எண்ணுவோர் ஒருமுறை எண்ணூருக்குச் சென்று வரலாம்.

முன்பு ஒரு தொண்டு நிறுவனம் தன் தரவுகளைக் காக்க வேண்டுமானால், கணினிகளை விலைகொடுத்து வாங்கி, அவற்றைப் பேண ஆள் அமர்த்த வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தன் வழங்கிகளின் இடத்தையும் ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியபின் நிலைமை மாறியது. பிற நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. இன்று கூகுள், மைக்ரோசாப்ட் முதலியன தகுதியுடைய தொண்டு நிறுவனங்களுக்குத் தம் சேவைகள் சிலவற்றைக் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ வழங்குகின்றன. இரண்டு அறை வாடகை அலுவலகத்தில் இயங்கும் திருவொற்றியூர் அமைப்பும், ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட பேரமைப்பும் ஒரேவகைக் கருவியைக் கையாள இது வழிசெய்தது.

நிதி திரட்டலில் இதன் பயன் வெளிப்படையானது. சிங்கப்பூரில் வேலை முடிந்து தொடர்வண்டியில் செல்லும் ஒருவர், செய்தியைப் படித்த அதே கணத்தில் கைப்பேசியிலிருந்து பணம் அனுப்புகிறார். பற்றுச்சீட்டு உடனே அவருக்குச் செல்கிறது. மாதந்தோறும் சிறுதொகை தர ஒப்புக்கொண்டவரின் கொடை தானாகவே வந்து சேர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருங்கொடையைவிட இத்தகைய சிறுதுளிகள் ஒரு நிறுவனத்திற்கு மிகுந்த உறுதியைத் தருகின்றன. அடுத்த மாதம் மாலை நேரப் பள்ளியின் ஆசிரியருக்கு ஊதியம் தர முடியுமா என்னும் கவலையிலிருந்து அதை விடுவிக்கின்றன. இந்தியாவுக்குள் 2016இல் அறிமுகமான யுபிஐ முறை, பத்து ரூபாய்க் கொடையையும் மதிப்புடையதாக்கிவிட்டது. முன்பெல்லாம் அத்தொகையை வசூலிக்கும் செலவே அதைவிட மிகுதியாக இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் கொடைக்கு மட்டும் ஒரு குறுகிய வாயில் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி, பதிவுபெற்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தைப் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர் டொரான்டோவிலிருந்து தம் சேமிப்பை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் கனடாவின் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். நிருவாகச் செலவுக்கான வரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. இவற்றினும் முதன்மையானது, ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்திற்கு மாற்றித் தருவதை அத்திருத்தம் தடைசெய்தமை. பெரிய நிறுவனம் வெளிநாட்டில் நிதி பெற்று, குப்பத்தை நன்கறிந்த சிறிய அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய வழி இதனால் அடைபட்டது. முறைகேடுகளைத் தடுக்க இது வேண்டும் என்பாரும், சிறு அமைப்புகளை இது வாடவைக்கிறது என்பாரும் உள்ளனர். எவ்வாறாயினும், பணம் கைமாற முடியாத இடத்தில் தகவல் கைமாறலாம். எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகள், எவருக்கு எம்மருந்து தேவை என்பதைச் சிறிய அமைப்பு பதிவுசெய்ய, பெரிய அமைப்பு அதைக் கண்டு நேரடியாகச் செயலாற்றலாம். நிறுவனங்களிடையே கூட்டுப்பணியின் எடை பணத்திலிருந்து தகவலுக்கு மாறியுள்ள இக்காலத்தில், பகிர்ந்து எழுதும் ஏடு இன்றியமையாததாகிவிட்டது.

அதற்கு அண்மைச் சான்று 2015 டிசம்பர் வெள்ளம். சென்னை மூழ்கிக் கிடந்த நாள்களில், பொதுவில் திறந்துவைக்கப்பட்ட விரிதாள்களில் தன்னார்வலர்கள் தகவல்களை நிரப்பினர். தங்க இடம் தருவோர், உணவு சமைப்போர், படகு வைத்திருப்போர், மீட்கப்பட வேண்டியோர் என வரிசைகள் நீண்டன. நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் இணைய வரைபடமும் உருவாயிற்று. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தோர், தொலைபேசி எண்களை அழைத்துச் சரிபார்த்துப் பழைய செய்திகளை நீக்கினர். இங்கு இரவானபோது வேறொரு நாட்டில் விடிந்திருந்தது. ஒருவரையொருவர் முகமறியாதோர் ஒரே தாளில் எழுதினர்.

ஆனால் அதே வெள்ளத்தில் மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. மிகுந்த துன்பத்தில் இருந்தவர்களே அவ்விரிதாளுக்கு எட்டாதவர்களாக இருந்தனர். கைப்பேசியில் மின்னூட்டம் உள்ளவரின் தெரு வரைபடத்தில் ஒளிர்ந்தது. மற்றவரின் தெரு வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருக்கும் இடத்தில் துன்பம் இல்லை என்று பொருள் கொள்வதே இத்தொழில்நுட்பம் விளைவிக்கக்கூடிய முதற்பிழை.

எண்ணூரின் பட்டியல்

2017 சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கிடையே திரண்டது. தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அதை அள்ளிய காட்சியை நாடே கண்டது. ஆறாண்டுகள் கடந்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. பஞ்சத்தின் நினைவைச் சுமக்கும் பெயர்கொண்ட அதே நீர்வழியில் வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள், அலையாத்திச் செடிகள் எனத் தொட்டவிடமெல்லாம் கரிய பிசுக்கு படிந்தது. இம்முறையும் மீனவர்கள் சிறு குவளைகளைக் கொண்டே எண்ணெயை மொண்டு அகற்ற நேர்ந்தது.

தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாய். பாதிப்புற்ற மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இவ்வெண்களின் பின்னால் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. அக்கணக்கெடுப்பில் பெயர் இருந்தவருக்கே உதவி. தொண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இத்தகைய பட்டியல்களைப் பின்பற்றியே தம் பணியைத் திட்டமிடுகின்றன. ஆகவே ஒரு பட்டியலில் விடுபட்டவர், அடுத்தடுத்த பட்டியல்களிலும் விடுபடக்கூடும்.

படகை எண்ணுவது எளிது. அதற்குப் பதிவு எண் உண்டு. கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவரை எண்ணுவது எளிதன்று. கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணின் இழப்பை எந்த ஆவணம் காட்டும்? வலை பின்னிக் கூலி பெறுபவரின் இழப்பை எது காட்டும்? குப்பங்களுக்கென்று மரபான பேரேடு உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி செலுத்தும் ‘தலைக்கட்டு’களின் பட்டியல் அது. ஊரின் ஒற்றுமையைக் காத்த சிறந்த ஏற்பாடுதான். ஆயினும் சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் மணமான ஆண்களே தலைக்கட்டாகக் கொள்ளப்பட்டனர். ஆழிப்பேரலைக்குப் பின் அப்பட்டியல்களைப் பின்பற்றி உதவி வழங்கியபோது, கைம்பெண்களும் தனித்து வாழும் பெண்களும் விடுபட நேர்ந்ததை அக்காலக் கள ஆய்வுகள் சுட்டின. காகிதத்தில் இருக்கும் இப்பிழை மேகத்துக்கு ஏற்றப்பட்டால் தானாகத் திருந்திவிடாது. மாறாக, பத்து நிறுவனங்களின் திரைகளில் ஒரே நொடியில் படியெடுக்கப்பட்டு, உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் நடைபெறும் ஏலத்தைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். கூறுபோட்ட மீனின் முன்னே நின்று ஏலம் கூறுபவர் விலையை உரக்கச் சொல்கிறார். விற்பவரும் வாங்குபவரும் அருகில் நிற்பவரும் ஒருசேரக் கேட்கின்றனர். ஏட்டில் பிற்பாடு எது எழுதப்பட்டாலும், கூறப்பட்ட விலைக்கு அத்தனை செவிகளும் சான்று. தொண்டின் கணக்குக்கும் அத்தகைய செவிகள் வேண்டும். இன்றைய மேகக் கருவிகள் கொடையாளருக்கு வண்ண வரைபடங்களைக் காட்டுகின்றன. நிறுவன அலுவலருக்கு ஒவ்வொரு காசின் போக்கையும் காட்டுகின்றன. தணிக்கையாளருக்கு வேண்டிய அறிக்கையை ஒரு சொடுக்கில் தருகின்றன. யாருடைய பெயரால் அப்பணம் திரட்டப்பட்டதோ அவருக்கு மட்டும் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. இது தொழில்நுட்பத்தின் இயலாமை அன்று. ஒரே ஏட்டை நால்வருக்குத் திறக்கும் கருவி ஐந்தாமவருக்கும் திறக்கும். யாருக்குத் திறப்பது என்னும் தெரிவில்தான் குறை உள்ளது.

பூட்டும் சாவியும்

இங்கு ஒரு தடை எழும். ஏட்டை எல்லார்க்கும் திறந்துவிட்டால் வறியவரின் அந்தரங்கம் என்னாவது? நியாயமான வினா. 2020ஆம் ஆண்டில், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி திரட்டும் மென்பொருளை வழங்கும் பிளாக்பாட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வழங்கிகளுக்குள் திருடர்கள் நுழைந்தனர். அதன் வாடிக்கையாளர்களான 13,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் பாதிப்புற்றன. தரவுகளை அழிக்கச் சொல்லி அந்நிறுவனம் பணயத்தொகை கொடுத்தது. 2023இல் அமெரிக்க மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 4.95 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. அதனினும் துயரமானது 2022 சனவரியில் வெளியான செய்தி. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தரவுகள் இருந்த வழங்கிகள் ஊடுருவப்பட்டன. போரிலும் இடப்பெயர்விலும் குடும்பத்தைப் பிரிந்தோர், காணாமற்போனோர், சிறைப்பட்டோர் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. கொடையாளரின் முகவரி வெளியானால் தொல்லை. ஒளிந்து வாழும் அகதியின் முகவரி வெளியானால் உயிருக்கே கேடு.

ஆகவே எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்பதில் தெளிவு தேவை. எந்தக் குப்பத்தில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு தரப்பட்டது, எஞ்சிய பணம் எங்கே என்பன திறந்திருக்க வேண்டியவை. ஒருவரின் நோய், ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியன பூட்டியிருக்க வேண்டியவை. நடைமுறையில் இது தலைகீழாக இருப்பதும் உண்டு. உதவி கேட்டு வந்தவரின் ஆதார் நகல் புலனக் குழுக்களில் சுற்றி வருகிறது. செலவுக் கணக்கோ கடவுச்சொல்லுக்குப் பின்னால் உறங்குகிறது. இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை மக்களுக்கு அளித்துள்ளது. எண்ணூர் மீனவப் பெண் ஒருவர் அவ்வுரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால், தம் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்பதை அவர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய நிதி திரட்டும் மென்பொருள்கள், ஒரே வேண்டுகோளை இரு வடிவங்களில் அனுப்பி, எது மிகுந்த பணம் ஈட்டுகிறது எனக் கணக்கிட்டுச் சொல்லும். சிரிக்கும் குழந்தையா, அழும் குழந்தையா என்பதை இரக்கம் தீர்மானிப்பதில்லை, எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் சிறுவனின் படம் உலகெங்கும் செல்கிறது. அவனிடமோ அவன் பெற்றோரிடமோ எவரேனும் ஒப்புதல் கேட்டார்களா? பெயரற்ற பஞ்ச முகங்களின் காலத்திலிருந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இவ்வினாவைக் கேட்க வேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

மென்பொருளுக்குச் செலவிடும் பணம் பசித்தவரின் பணமல்லவா என்று கேட்போரும் உண்டு. நாகப்பட்டினத்துச் சாலையோரத் துணிக்குன்றுகளுக்கு ஆன சரக்குந்துச் செலவும் அள்ளிய கூலியும் யாருடைய பணம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். நல்ல ஏட்டுக்காகச் செய்யும் செலவு வீண்செலவன்று. அவ்வேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, அதைப் படிக்க வேண்டியவரால் படிக்க முடியாமற்போவதே வீண்செலவு.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பேரிடர் வந்து சென்ற ஒரு வாரத்திற்குள், தொண்டு நிறுவனங்கள் தம் பொதுப் பட்டியலை மேகத்திலிருந்து இறக்கித் தமிழில் அச்சிடலாம். ஆதார் எண்ணும் நோய்க்குறிப்பும் இன்றி, உதவி பெறுவோர் ஒப்பிய அளவில், கதவு எண்ணும் உதவியின் வகையும் மட்டுமே கொண்ட அத்தாளைக் காட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடத்துச் சுவரில் ஒட்டலாம். கைப்பேசி இல்லாத முதியவரும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். சந்தைக்குக் கூடையோடு செல்லும் பெண் நின்று தேடுவார். தம் வீடு விடுபட்டிருப்பதைக் கண்டு, ஓரத்தில் பேனாவால் எழுதுவார். மாலையில் இளைஞர் ஒருவர் அத்தாளைப் பார்த்துத் திருத்தத்தைக் கணினியில் ஏற்றுவார். அவ்விரவே, டொரான்டோவில் பகலாக இருக்கும் பொழுதில், கொடையாளரின் திரையில் குடும்பங்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.